அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள்

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். மகனுக்கு 9 வயது, அடுத்த மாதம் புதுநன்மை, பூசையில் முதல்முறையாக நற்கருணை அப்பம் வாங்கப்போகிறான். செபமெல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும். பாவத்துக்கு வருந்திச் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரம் தமிழில் பாதியிலேயே நின்றுவிடுகிறது. முதல் பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் சொல்ல வேண்டிய பாவங்களை நானே தாளில் எழுதி மனப்பாடம் செய்ய வைக்கிறேன். அதுவும் பயத்தில் மறந்துபோகிறது. அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிடுவார்களா? விருந்துக்கு 80 பேரைக் கூப்பிட்டாயிற்று.
- ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

விருந்து உங்கள் பாடு. மந்திரத்துக்காகக் கலங்க வேண்டாம். பையன் தனக்கு வரும் மொழியில் சொல்லட்டும். "ஆண்டவராகிய இயேசுவே, கடவுளின் மகனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்" என்ற ஒற்றை வரியையே பாவசங்கீர்த்தனத்துக்கான ஒப்புரவுச் சடங்கு நூல் மனஸ்தாப மந்திரமாக ஏற்கிறது. ஏறக்குறைய 7 வயதில் புத்தி விவரம் தெரிந்த பிள்ளைக்கு நற்கருணை கொடுக்கலாம், ஞானோபதேசம் என்னும் மறைக்கல்வி முழுவதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று திருத்தந்தை பத்தாம் பயஸ் 1910-லேயே சொல்லிவிட்டார். மற்றதைப் பங்குச் சாமியாரிடம் நேரில் போய்க் கேளுங்கள்.

என்னைத் தூக்கிவாரிப் போட்டது அந்தத் தாள்தான். பிள்ளையின் பாவத்தை நீங்கள் எப்படியம்மா எழுதுவீர்கள்? பொய் சொன்னேன், தம்பியை அடித்தேன், அம்மா பேச்சைக் கேட்கவில்லை. இதுதானே அதில் இருக்கிறது? அது அவன்மேல் நீங்கள் வைத்திருக்கும் புகார். அவன் மனசுக்குள் உறுத்துவது வேறு எதுவாகவோ இருக்கும். அது உங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

முதலில் எது பாவம் என்று பிரித்துக் காட்டுங்கள். மைலோ தம்ளர் கைதவறி உடைந்தால் பாவமில்லை. உடைந்ததைக் குப்பையில் ஒளித்துவிட்டு, தம்பிதான் உடைத்தான் என்று சொன்னால் பாவம். தெரிந்தும் வேண்டுமென்றே செய்தானா என்பதுதான் கேள்வி. இதைச் சொல்லிக் கொடுக்காததால்தான், அப்பாவுக்கு ஞாயிறு வேலை, வண்டி இல்லை, பூசைக்குப் போகவில்லை என்பதையெல்லாம் பிள்ளைகள் தங்கள் பாவமாகச் சொல்லி அழுகின்றன.

ராத்திரி படுக்கும்முன் ஐந்து நிமிஷம் டிவியை அணைத்துவிட்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: இன்று யாரை நோகடித்தாய்? எதை மறைத்தாய்? பதிலை வாய்விட்டுச் சொல்லச் சொல்லாதீர்கள். மனசுக்குள் சொல்லிக்கொள்ளட்டும். பத்து நாள் இப்படிச் செய்தால் தாளே தேவைப்படாது. பயத்தில் ஒன்றிரண்டு மறந்தாலும் பரவாயில்லை. வேண்டுமென்று மறைக்காதவரை அதற்கும் சேர்த்தே மன்னிப்பு உண்டு. கனமான பாவமாக இருந்தால் அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம். பாவப் பரிகாரமாகக் குரு கொடுத்த அபராதத்தை வெளியே வந்த கையோடு முழந்தாளிட்டு முடிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய்ச் செய்யலாம் என்றால் மறந்துவிடும்.

என்ன சொன்னாய், என்ன அபராதம் கொடுத்தார் என்று கேட்கவே கேட்காதீர்கள். கேட்டதை வெளியே சொல்லக் குருவுக்கு எந்தக் காரணத்துக்காகவும் அனுமதி இல்லை. அவரே வாயைத் திறக்காதபோது நீங்கள் பிள்ளையின் வாயைப் பிடுங்குவது என்ன நியாயம்?

நற்கருணை வாங்கும் கையையும் பழக்குங்கள். நம் பிள்ளைகளுக்கு வலக்கையை மேலே வைத்து வாங்கித்தான் பழக்கம். மாரியம்மன் கோயிலில் பக்கத்து வீட்டுப் பிள்ளை திருநீறு வாங்குவதும் அப்படித்தான். பீடத்தின் முன்னும் அப்படியே நீட்டுவான். அப்பம் வலது உள்ளங்கையில் விழும், இடக்கையால் எடுக்கக் கூச்சப்பட்டுத் திகைத்து நிற்பான். இடக்கை மேலே, வலக்கை அதற்கு அடியில். 'ஆமென்' என்று வாய்விட்டுச் சொல்லி வாங்கியதும், அடியில் இருக்கும் வலக்கையால் எடுத்து அங்கேயே உட்கொள்ள வேண்டும். மறைக்கல்வி ஆசிரியரிடம் நற்கருணையாக வசீகரம் செய்யாத வெறும் அப்பம் இரண்டு மூன்று கேட்டு வாங்கிப் பழக்குங்கள். அது அண்ணத்தில் ஒட்டும். தெரியாத பிள்ளை வாய்க்குள் விரலை விடும்.

நற்கருணைக்கு முன் இருக்க வேண்டிய ஒரு மணி நேர உபவாசத்தை, அதை வாங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். தண்ணீரும் மருந்தும் கணக்கில் இல்லை, மைலோ உண்டு. 8 மணிப் பூசையில் 8.40 வாக்கில் வாங்குவான் என்றால் 7.30-க்குள் பசியாறிவிடட்டும்.

அந்த 80 பேரில், "என்னடா பாவம் சொன்னே?" என்று பையனைச் சீண்டும் மாமா ஒருவராவது இருப்பார். அவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.