வாசகர் கேள்வி – பதில்: ஊர்ச் சட்டத்தரணி லிங்கன்

சென்ற இதழில் ஆபிரகாம் லிங்கன் பற்றிய ஒரு கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பலர் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் அவர் ஜனாதிபதியாக வருவதற்கு முந்திய காலத்தைப் பற்றியே. சரி, இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

*கேள்வி: லிங்கன் சட்டக் கல்லூரிக்கே போகாமல் சட்டத்தரணி ஆனவர் என்று எங்கள் சேர் சொன்னார். உண்மையா? எங்களாலும் அப்படி முடியுமா? – உயர்தர மாணவி, மல்லாவி*

உண்மைதான் பிள்ளை. சட்டக் கல்லூரி இருக்கட்டும், அவர் பள்ளிக்கூடம் போன நாட்களையெல்லாம் கூட்டினாலும் ஒரு வருடம் வராது. 1809இல் கென்டக்கியில் மரக்குற்றிகளால் கட்டிய குடிலில் பிறந்தவர், 1831இல் இலினோய் மாநிலத்தில் சங்கமன் ஆற்றங்கரையில் இருந்த நியூ சேலம் என்ற சின்ன ஊருக்குத் தனியாளாக வந்து சேர்ந்தார். கூட்டுக்குக் கடை போட்டார், கடை படுத்துவிட்டது, பிறகு கூட்டாளியும் இறந்துபோக முழுக் கடனும் இவர் தலையில் விழுந்தது. அதை ஆண்டுக்கணக்காக உழைத்துத்தான் கட்டி முடித்தார். வயிற்றுப்பாட்டுக்குத் தபால் அதிபராகவும் காணி அளக்கும் உதவிச் சேவையராகவும் வேலை பார்த்தார்.

ஜோன் டொட் ஸ்டுவர்ட் என்ற சட்டத்தரணி புத்தகங்களை இரவல் கொடுத்தார். ஸ்பிரிங்பீல்ட் நகரம் ஏறத்தாழ 20 மைல் தூரம், அங்கே போய்ப் புத்தகம் வாங்கிவந்து தானே இருந்து படித்தார். 1836இல் இவர் நன்னடத்தை உள்ளவர் என்று உள்ளூர் நீதிமன்றம் சான்று கொடுத்தது, அதே ஆண்டு செப்டெம்பரில் தொழில் செய்ய அனுமதியும் கிடைத்தது. அடுத்த ஏப்ரலில் இரவல் குதிரையில் ஸ்பிரிங்பீல்டுக்கு வந்து இறங்கியபோது இரண்டு சேணப்பைகளுக்குள் அடங்கியதுதான் அவருடைய சொத்து. ஜோசுவா ஸ்பீட் என்பவரின் கடையில் படுக்கைச் சாமான்களுக்கு விலை கேட்டார், 17 டொலர் என்றார்கள், கையில் காசில்லை, கடனாகத் தரமுடியுமா என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்த ஸ்பீட், கடை மாடியில் இருந்த தன் கட்டிலிலேயே பாதியைக் கொடுத்துவிட்டார்.

ஆனால் அந்தக் காலத்து அமெரிக்காவில் பெரும்பாலான சட்டத்தரணிகள் இப்படித்தான் உருவானார்கள், சட்டப் பள்ளிகள் குறைவு. இன்று இலங்கையில் அந்த வழி கிடையாது. கொழும்பில் சட்டக் கல்லூரி இருக்கிறது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே சட்டத்துறை இருக்கிறது, நீங்கள் அதை நோக்கிப் படியுங்கள். அவரிடமிருந்து எடுக்கவேண்டியது தானே புத்தகத்தைத் திறந்து உட்காரும் பழக்கத்தை, அது எந்தக் கல்லூரிக்குப் போனாலும் தேவைப்படும்.

*கேள்வி: பக்கத்துக் காணிக்காரருடன் எல்லைப் பிரச்சினை, வழக்கு தவணைமேல் தவணையாக இழுபடுகிறது. லிங்கன் இப்படியான வழக்கெல்லாம் பேசினாரா? – விவசாயி, ஒட்டுசுட்டான்*

பேசினார் ஐயா, அதுதான் அவருடைய அன்றாடச் சாப்பாடு. ஏறத்தாழ 25 ஆண்டுகளில் 5000க்கு மேற்பட்ட வழக்குகளில் அவர் பெயர் இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் கடன் விவகாரம். மிச்சம் காணி, கால்நடை, அவதூறு, மணமுறிவு என்று எந்த ஊரிலும் நடக்கிற சங்கதிகள். வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் நீதிபதி டேவிட் டேவிஸுடன் சேர்ந்து குதிரையிலும் வண்டியிலும் ஊர் ஊராகப் போய் வழக்குப் பேசுவார். அந்த எட்டாவது சுற்று நீதிமன்ற எல்லைக்குள் ஒரு காலத்தில் 14 கவுண்டிகள், அதாவது எங்கள் மாவட்டம் போன்ற பிரிவுகள், இருந்தன. றோட்டென்று சொல்ல ஒன்றுமில்லாத சேற்று வழி, சத்திரத்தில் ஒரே கட்டிலில் இரண்டு மூன்று பேர் படுக்கை. கடிதங்களையும் வழக்குக் காகிதங்களையும் உயரத் தொப்பிக்குள் செருகி வைத்திருப்பார்.

காசு விடயத்தில் அவர் எப்படி என்பதற்கு ஒரு கடிதம் போதும். 1856இல் ஒருவர் குத்தகைப் பத்திரம் எழுதிக்கொடுத்ததற்கு 25 டொலர் அனுப்பியிருந்தார். இந்த வேலைக்கு 15 போதும், நீங்கள் காசை அள்ளி இறைக்கிறீர்கள் என்று எழுதி 10 டொலர் தாளைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்காக எல்லாரிடமும் குறைத்து வாங்கினார் என்று நினைக்கவேண்டாம், இலினோய் மத்திய ரயில் கம்பனியிடம் 5000 டொலர் கேட்டு, அவர்கள் கொடுக்காதபோது வழக்கே போட்டு வாங்கியவர்.

உங்கள் விடயத்துக்கு வருகிறேன். புதிய சட்டத்தரணிகளுக்கென்று அவர் எழுதி வைத்த குறிப்புகளில் வழக்குப் போடுவதை ஊக்குவிக்காதீர்கள், அயலவர்களை முடிந்தமட்டும் சமாதானப்படுத்துங்கள் என்று இருக்கிறது. பெயருக்கு வென்றவர் செலவிலும் கூலியிலும் நேரத்திலும் உண்மையில் தோற்றவராக இருப்பார் என்றும் சொல்கிறார். ஐயா, வன்னியில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை, பெர்மிட்டும் உறுதியும் எங்கேயோ தொலைந்துபோயின, அதனால் இரண்டு பக்கத்தாரும் நேர்மையாகவே வேறு வேறு எல்லையைச் சொல்லலாம். உங்கள் சட்டத்தரணியிடம் கேட்டுக்கொண்டு, இணக்கமாக முடிக்க மத்தியஸ்த சபையிலோ பிரதேச செயலகக் காணிப் பகுதியிலோ வழி இருக்கிறதா என்று பாருங்கள். சேவையரை இரண்டு பேரும் சேர்ந்தே கூப்பிட்டு அளந்தால் பாதிக் கோபம் அங்கேயே தணிந்துவிடும்.

பஞ்சாங்கம் பார்க்கிறவர் என்றால் இந்த வழக்கு உங்களுக்குப் பிடிக்கும். 1858இல் டஃப் ஆம்ஸ்ட்ரோங் என்ற இளைஞன் மேல் கொலைக் குற்றம். ஏழையாக இருந்த காலத்தில் லிங்கனுக்குச் சோறு போட்ட வீட்டுப் பெடியன், அதனால் ஒரு சதமும் வாங்காமல் பேசினார். இரவு 11 மணியளவில் நல்ல நிலா வெளிச்சத்தில், ஏறத்தாழ 150 அடிக்கு அப்பால் நின்று அடித்ததைக் கண்டேன் என்றான் சாட்சிக்காரன். லிங்கன் அவசரப்படாமல் நிலா வெளிச்சத்தையே திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார், பிறகு சம்பவம் நடந்த 1857ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தை எடுத்து நீட்டினார். அந்த நேரம் நிலா அடிவானத்துக்கு இறங்கி மறையப் போயிருந்தது. நெற்காவலுக்கு வயலில் படுத்தவர்களுக்குத் தெரியும், சாயும் நிலவில் ஆளை அடையாளம் காண்பது எப்படிப்பட்டதென்று. டஃப் விடுதலையானான்.

*கேள்வி: எங்கள் மாகாண சபை போன்ற ஒன்றில் அவர் உறுப்பினராக இருந்தாராமே, அங்கே என்ன சாதித்தார்? – ஓய்வுபெற்ற ஆசிரியர், வவுனியா*

மாஸ்டர், அது மாகாண சபையைவிடக் கூடிய அதிகாரம் கொண்ட மாநிலச் சட்டசபை, வரி போடலாம், தன் பெயரில் கடன் வாங்கலாம். 1832இல் முதல் தடவை கேட்டுத் தோற்றார், ஆனால் அவரை அறிந்த நியூ சேலம் வட்டாரத்தில் 300 வாக்கில் 277 அவருக்கு. 1834இல் வென்று தொடர்ந்து நான்கு தவணை இருந்தார். மாநிலத் தலைநகரை வண்டேலியாவிலிருந்து ஸ்பிரிங்பீல்டுக்கு மாற்றியதில் அவருக்கும் அவருடைய கவுண்டி உறுப்பினர்களுக்கும் பெரிய பங்கு.

தலைநகர் மாற்றம் முடிவான அதே 1837இல் ரயில் பாதை, கால்வாய் என்று கோடிக்கணக்கான டொலர் கடனில் போட்ட திட்டத்தையும் முழுமூச்சாக ஆதரித்தார். அந்த ஆண்டே பொருளாதாரம் சரிந்தது, வேலைகள் அரைகுறையில் நின்றன, மாநிலம் வட்டிகூடக் கட்டமுடியாத நிலைக்குப் போனது. இது அவருடைய கணக்கில் எழுதவேண்டிய தவறுதான்.

ஆனால் அதே சபையில், அடிமை ஒழிப்புச் சங்கங்களைக் கண்டித்து வந்த தீர்மானம் 77க்கு 6 என்று நிறைவேறியபோது அந்த ஆறு பேரில் ஒருவர் லிங்கன். பிறகு டான் ஸ்டோன் என்ற இன்னொரு உறுப்பினருடன் சேர்ந்து, அடிமை முறை அநீதியிலும் தவறான கொள்கையிலும் நிற்கிறது என்று சபைக் குறிப்பேட்டில் பதிந்தார். அப்போது வயது 28. வாக்குக்காகச் செய்யும் வேலை இல்லை அது.

*கேள்வி: அடிமைகளை வைத்திருந்த ஒருவருக்காக லிங்கனே வழக்காடினார் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். பொய்தானே? – வாசகி, புதுக்குடியிருப்பு*

பொய் இல்லை தங்கச்சி. 1847இல் ரொபேர்ட் மட்சன் என்பவர் கென்டக்கியிலிருந்து அடிமையாகக் கொண்டுவந்து இலினோய் தோட்டத்தில் வேலை வாங்கிய ஜேன் பிரையன்ட் என்ற பெண், பிள்ளைகளுடன் தப்பி ஓடி ஊரவர் சிலரிடம் அடைக்கலம் தேடினார். அவர்களை மீட்டுத் தரும்படி வழக்குப் போட்ட மட்சனின் பக்கம் லிங்கன் நின்றார், தோற்றார், தாயும் பிள்ளைகளும் விடுதலையானார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் நான்ஸ் என்ற பெண்ணை விற்ற வழக்கில் எதிர்ப்பக்கம் நின்று, அந்தப் பெண்ணை விற்கவே முடியாது என்று வாதாடி வென்றவரும் இவரே. வருகிற கட்சிக்காரனுக்காகப் பேசுவது சட்டத்தரணியின் தொழில் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை, ஒரு தாயையும் பிள்ளைகளையும் திருப்பிப் பிடித்துக் கொடுக்கிற வழக்கை மறுக்க அவருக்கு உரிமை இருந்தது.

*கேள்வி: அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் அமெரிக்கர் யாராவது இருந்தார்களா? – வாசகர், கிளிநொச்சி*

யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். 1816இல் வந்த அமெரிக்க மிசன் 1823இல் வட்டுக்கோட்டை செமினரியைத் தொடங்கியது, 1841இல் உதயதாரகை பத்திரிகை வந்தது. மானிப்பாயில் தமிழிலேயே மேலைநாட்டு வைத்தியம் படிப்பித்த டொக்டர் சாமுவேல் கிரீன் 1847இல் வந்து இறங்கினார். லிங்கன் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினராக வாஷிங்டனுக்குப் போனதும் அதே ஆண்டுதான்.