சேத்துல ரேஸ் ஓட பழைய சைக்கிள் தாங்குமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, நான் இங்கிலாந்துல லெஸ்டர் பக்கம் இருக்கேன், வயசு 41. குளிர்காலத்துல இங்க நடக்குற சைக்ளோகிராஸ் லோக்கல் லீக்ல போன சீசன் ரெண்டு ரேஸ் ஓடினேன். என் சைக்கிள் 2005 மாடல், அலுமினிய ஃபிரேம், கேன்டிலீவர் பிரேக் (ரெண்டு பக்கமும் ரப்பர் கட்டை ரிம்மை அழுத்திப் பிடிக்கிற பழைய வகை), பின்னாடி 9 ஸ்பீடு கியர். பக்கத்துல நிக்கிறவங்க எல்லாம் கார்பன், டிஸ்க் பிரேக். கடன் வாங்கியாவது புதுசு எடுக்கணுமா?

பதில்: எடுக்காதீங்க தம்பி. சைக்ளோகிராஸ் தெரியாத வாசகர்களுக்கு ஒரு வரி சொல்லிடறேன், சேறு மணல் புல்லுன்னு மூணு கிலோமீட்டர் சுத்துப்பாதைல திரும்பத் திரும்ப ஓட்டணும், நடுவுல பலகைத் தடுப்பு வரும், படிக்கட்டு வரும், அங்கெல்லாம் இறங்கி சைக்கிளைத் தோள்ல தூக்கிட்டு ஓடணும். டிஸ்க் பிரேக்குக்கு யூசிஐ, அதாவது உலக சைக்கிள் பந்தய அமைப்பு, அனுமதி குடுத்ததே 2010லதான். அதுக்கப்புறமும் 2013ல அமெரிக்காவுல லூயிவில்ல நடந்த உலக சாம்பியன்ஷிப்ப பெல்ஜியம் ஸ்வென் நைஸ் ஜெயிச்சது கேன்டிலீவர் பிரேக் சைக்கிள்லதான், அப்ப அவருக்கு வயசு 36.

ஈரத்துல இறக்கத்துல டிஸ்க் நல்லா பிடிக்கும், அது உண்மைதான். ஆனா நம்ம லெவல்ல இடம் போறது பெரும்பாலும் பிரேக்கால இல்ல, வளைவுல டயர் வழுக்கி, இறங்கி ஏறுறதுல தடுமாறி, அங்கதான் ஒவ்வொரு சுத்துலயும் ரெண்டு செகண்டு மூணு செகண்டா போகுது. அதனால கையில இருக்குற காசை முதல்ல நல்ல சேத்து டயருக்குப் போடுங்க. டியூப் போட்ட டயர்னா காத்து 30 பிஎஸ்ஐ பக்கத்துல வெச்சு ஆரம்பிச்சு உங்க எடைக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுப் பாருங்க, ரொம்ப குறைச்சா கல்லுல ரிம் இடிச்சு டியூப்ல பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை விழும்.

முன்பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் கடகடன்னு ஆடுதா? கேன்டிலீவர்ல எல்லாருக்கும் வர்ற தொல்லை இது, பிரேக் கேபிளைத் தாங்குற கேபிள் ஹேங்கர் மேல ஹெட்செட்ல (ஹேண்டில்பார் திரும்புற பேரிங்) இருந்தா அதை எடுத்துட்டு ஃபோர்க் கிரவுன்லயே (சக்கரத்துக்கு மேல ஃபோர்க்கோட ரெண்டு காலும் சேருற இடம்) மாட்டுற ஹேங்கர் போடுங்க, ஆட்டம் பெருமளவு நின்னுடும். பிரேக் கட்டையோட முன் நுனி ரிம்மை லேசா முதல்ல தொடுற மாதிரியும் வைங்க.

இன்னொரு விஷயம், நான் ஒவ்வொரு ரேஸ் முடிஞ்சதும் தவறாம செய்யறது. கட்டையைக் கழட்டி வெளிச்சத்துல பாருங்க, ரப்பருக்குள்ள வெள்ளி மாதிரி சின்னச் சின்ன துணுக்கு மின்னும். உங்க ரிம்முலேர்ந்து மணல் சுரண்டி எடுத்த அலுமினியம்தான் அது. ஊக்கு முனையால நோண்டி எடுத்துட்டு உப்புத்தாள்ல ஒரு தேய் தேச்சு மாட்டுங்க, இல்லன்னா அந்தத் துணுக்கே அடுத்த வாரம் ரிம்மை அறுக்கும். ஸ்டீல் ஸ்கேலை ரிம்மோட பக்கவாட்டுல வெச்சுப் பாருங்க, நடுவுல நல்லா வெளிச்சம் தெரியுற அளவுக்குக் குழிஞ்சிருந்தா அந்த ரிம்மோட ஆயுசு முடிஞ்சுது, ஓட்டாதீங்க, காத்து அழுத்தத்துலயே பிளந்துக்கும்.

கேள்வி: பிட்ல (ரேஸ் நடுவுல சைக்கிள் மாத்துற இடம்) மாத்துறதுக்கு ரெண்டாவது சைக்கிள் கட்டாயமா வேணுமா? (வாசகி, ஆண்ட்வெர்ப்)

பதில்: கட்டாயம் இல்லம்மா, ஆனா பழைய சாமானோட பெரிய பலமே இங்கதான் இருக்கு. பெரிய ரேஸ்ல பாத்திருப்பீங்க, ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை பிட் வரும், சேறு அப்பின சைக்கிளைக் குடுத்துட்டு கழுவின சைக்கிளை வாங்கிட்டுப் போவாங்க. புது கார்பன்ல ரெண்டு வாங்க நம்மளால ஆகாது. பழைய 9 ஸ்பீடுல ஒரே மாதிரி ரெண்டு சைக்கிள் கட்டலாம், வீல், செயின், கேபிள் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு மாத்திப் போட்டுக்கலாம். சீட் உயரமும் ஹேண்டில்பார் தூரமும் மட்டும் மில்லிமீட்டர் பிசகாம அளந்து வைங்க, நடு ரேஸ்ல மாறி ஏறும்போது உடம்புக்கு வித்தியாசமே தெரியக்கூடாது. முன்னாடி ரெண்டு பல்சக்கரம் இருந்தா ஒண்ணு போதும், 38 பல்லோ 40 பல்லோ போட்டு ரெண்டு பக்கமும் தடுப்பு வட்டு மாட்டிட்டா செயின் கழலாது.

கேள்வி: ரேஸ் முடிஞ்சதும் பிரஷர் வாட்டர்ல கழுவலாமா?

பதில்: கழுவலாம், ஆனா ஹப், பெடல் அச்சு, ஹெட்செட் பக்கம் நேரா அடிக்காதீங்க, தண்ணி உள்ள போய் கிரீஸைக் கழுவிடும். பழைய ஹப்புல கோனும் பால்ஸும்தான், மாசம் ஒருக்கா கழட்டி ஓவராயில் பண்ணி புது கிரீஸ் வெச்சா இன்னும் பல சீசன் ஓடும். ஸ்டீல் ஃபிரேமா இருந்தா சீட் போஸ்ட்டை உருவிட்டு ராத்திரி முழுக்க தலைகீழா நிறுத்தி வைங்க, உள்ள தேங்கின தண்ணி சொட்டுச் சொட்டா வடியறதை காலைல தரையில பாப்பீங்க.