முதலில் ஊஃபர், அப்புறம்தான் ஆசாரி

வீட்டிலேயே பெரிய ஸ்பீக்கர் பெட்டி செய்கிறவர்களின் கேள்விகள் ஒன்றிரண்டாக வந்து சேர்ந்துகொண்டே இருந்தன. இந்த முறை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதில். (ஊஃபர் என்றால் கனத்த பேஸ் சத்தத்தைத் தரும் பெரிய ஸ்பீக்கர்.)

கேள்வி: கடையில் டவர் ஸ்பீக்கர் ஒரு ஜோடியின் விலையைக் கேட்டுத் தலை சுற்றிவிட்டது. தெரிந்த ஆசாரியை வைத்து 12 இன்ச் ஊஃபருக்குப் பெட்டி செய்தால் பாதி விலையில் முடியுமா? ப்ளைவுட் வாங்கியாயிற்று. யூடியூபில் பார்த்த அளவைக் கொடுத்திருக்கிறேன். ஊஃபரை மட்டும் அடுத்த மாதம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் வாங்க வேண்டும்.

பதில்: ப்ளைவுட்டை ஈரம் படாத இடத்தில் படுக்க வைத்துவிட்டு, ஊஃபர் கைக்கு வந்த பிறகு வந்தால் போதும் என்று ஆசாரியிடம் சொல்லிவிடுங்கள். யூடியூபில் பார்த்தது அந்த வீடியோ போட்டவர் வைத்திருந்த ஊஃபருக்கான அளவு. அதை உங்கள் ஊஃபருக்குக் கொடுப்பது பக்கத்து வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொள்வது மாதிரி.

இரண்டு ஊஃபரும் 12 இன்ச் என்பதால் இரண்டுக்கும் ஒரே பெட்டி பொருந்திவிடாது. ஒன்று 40 லிட்டரில் நன்றாகப் பாடும், இன்னொன்று 120 லிட்டர் கேட்கும். அதைச் சொல்வது ஊஃபரோடு வர வேண்டிய டேட்டா ஷீட். அதில் எஃப்.எஸ். (ஊஃபர் தானாக அதிரும் சுருதி), க்யூ.டி.எஸ். (அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பது), வி.ஏ.எஸ். (ஊஃபரின் விறைப்புக்குச் சமமான காற்றின் அளவு) என்று மூன்று எண்கள் இருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-ல் எழுதிய கட்டுரையும், 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் அதைத் தொடர்ந்து செய்த வேலையும்தான் இந்த எண்களைப் பெட்டிக் கணக்காக்கின. அதற்கு முன் பெரும்பாலும் செய்து பார்த்துத் திருத்துகிற வேலைதான். இன்று அந்த மூன்றையும் வின்ஐஎஸ்டி என்ற இலவச மென்பொருளில் போட்டால், எத்தனை லிட்டர், மூடிய பெட்டியா, காற்று போய்வரக் குழாய் வைத்த பெட்டியா என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தோராயமாகச் சொன்னால், க்யூ.டி.எஸ். 0.3, 0.4 என்று இருந்தால் குழாய் வைத்த பெட்டிக்கு ஏற்றது; 0.5-ஐத் தாண்டினால் மூடிய பெட்டி. "அதெல்லாம் எதுக்கு சார், ஆயிரம் வாட் இது" என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.

பாதி விலை விஷயத்துக்கு வருவோம். மரம் பெரிய செலவே இல்லை. கணக்கில் விட்டுப்போவது கிராஸ்ஓவர், அதாவது எந்தச் சத்தம் ஊஃபருக்கு, எது கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ட்வீட்டருக்கு என்று பிரித்து அனுப்பும் பலகை. பெரிய காயிலும் நல்ல கெப்பாசிட்டரும் போட்டால் அதுவே ஒரு ஊஃபர் விலைக்கு வந்து நிற்கும். கடையில் ரெடிமேடாகத் தொங்கும், சத்தத்தை மூன்றாகப் பிரிக்கும் '3-வே' பலகைக்கு உங்கள் ஊஃபர் எது என்று தெரியாது. முதல் முறை செய்கிறவர் ஊஃபர், ட்வீட்டர், பெட்டி அளவு, கிராஸ்ஓவர் படம் நான்கும் சேர்ந்து வரும் ஒரு டிசைனை எடுத்து, அதில் எதையும் மாற்றாமல் செய்வது நல்லது. சின்ன ஸ்பீக்கர் என்றால் கடையில் வாங்குவதுதான் லாபம், வீட்டில் செய்து அந்த விலைக்குள் முடிப்பது கஷ்டம். பெரியதில் மிச்சம் உண்டு. ஒன்று மட்டும், நாளைக்கு விற்க நினைத்தால் கம்பெனி ஸ்பீக்கருக்கு ஆள் வரும்; நம் பெட்டியை உள்ளே இருக்கும் ஊஃபருக்காக மட்டும்தான் கேட்பார்கள்.

இன்னொன்று, 8-க்கு 4 ஷீட் ஒன்றுதானே வாங்கியிருக்கிறீர்கள்? 100 லிட்டர் பெட்டி இரண்டுக்குச் சுமார் 33 சதுர அடி வேண்டும். ஷீட்டே 32 சதுர அடிதான். இன்னொரு ஷீட் கட்டாயம் ஆகும். மிச்சமாவதை உள்ளே முட்டுக் கொடுக்க வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: டேட்டா ஷீட்படி 36 × 40 × 75 செ.மீ. என்று எழுதிக் கொடுத்து, 18 எம்.எம். ப்ளைவுட்டில் பெட்டி செய்தோம். 10 செ.மீ. உள்விட்டமுள்ள பிவிசி குழாய், 19 செ.மீ. நீளம். பாட்டுப் போட்டால் 'தொம் தொம்' என்று டிரம் மாதிரி கேட்கிறது. ஊஃபரைத் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். டேப்பை எடுத்துப் பெட்டியின் வெளிப்பக்கத்தை அளந்து பாருங்கள். வெளியே 36 × 40 × 75 என்று வந்தால் தப்பு ஊஃபர் மேல் இல்லை, தாள் மேல். ஆசாரிகள் அலமாரிக்கும் கட்டிலுக்கும் வெளி அளவுதான் எடுப்பார்கள், ஸ்பீக்கருக்கு வேண்டியது உள் அளவு. எனக்கும் என் முதல் பெட்டி இப்படித்தான் ஆனது. ஆசாரி ஒரு நூல் பிசகாமல் செய்திருந்தார், நான்தான் 'உள்' என்ற ஒரு சொல்லை எழுதவில்லை.

கணக்கைப் பாருங்கள். உள் அளவு 36 × 40 × 75 என்றால் 108 லிட்டர். ஊஃபரின் காந்தம், குழாய், முட்டுக் கட்டைகள் அடைக்கும் இடம் 8 லிட்டர் என்று வைத்துக் கழித்தால் 100. அதையே வெளி அளவாக எடுத்தால் ஒவ்வொரு அளவிலும் இரண்டு பலகையாக 3.6 செ.மீ. போய்விடுகிறது. 32.4 × 36.4 × 71.4, அதாவது 84 லிட்டர். எட்டு போனால் 76. கால்வாசிக் காற்று காணாமல் போயிற்று. 100 லிட்டரில் 30 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேரும் அதே குழாய் 76 லிட்டரில் 34-க்கு ஏறிவிடும்.

பெட்டியை உடைக்க வேண்டாம். 19 செ.மீ. குழாயை எடுத்துவிட்டு 27 செ.மீ. குழாய் போடுங்கள், சுருதி மறுபடி 30-க்கு இறங்கும். முன்பலகையிலிருந்து உள்ளே போனாலும் பின்பலகைக்கு 11 செ.மீ. இடைவெளி மிஞ்சும், அது போதும். முழுப் பெட்டியின் பேஸ் அப்படியே கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கேட்கும்படி ஆகிவிடும்.

'தொம்' சத்தத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். விரல் முட்டியால் பக்கப் பலகையின் நடுவில் தட்டுங்கள், அப்புறம் மூலையில் தட்டுங்கள். மூலையில் 'டக்' என்றும் நடுவில் 'டும்' என்றும் கேட்டால் உள்ளே முட்டு இல்லை என்று அர்த்தம். ஊஃபர் துளை வழியாகக் கையை விட்டு, இரண்டு பக்கப் பலகைகளுக்கும் குறுக்கே இரண்டு இன்ச் அகலக் கட்டையைச் சரிபாதியில் இல்லாமல் கொஞ்சம் மேலே தள்ளி, பெவிகால் வைத்து இறுக்குங்கள். முன்பின் பலகைகளுக்கும் அப்படியே ஒன்று. மூலை இணைப்புகளில் மெழுகுவர்த்தி ஊதுபத்தி சோதனையெல்லாம் வேண்டாம், உட்பக்கம் சுற்றிலும் பெவிகாலை விரலால் இழுத்துவிட்டாலே காற்று ஒழுகாது.

கேள்வி: தாத்தா வீட்டை இடித்தபோது எடுத்த பர்மா தேக்குக் கதவு இரண்டு இருக்கிறது. அதில் ஸ்பீக்கர் பெட்டி செய்தால் சத்தம் இனிமையாக இருக்கும் என்கிறார் நண்பர்.

பதில்: வீணைக்கு மரம் அதிர வேண்டும். ஸ்பீக்கர் பெட்டிக்கு மரம் அதிரவே கூடாது. அதனால் 'மரத்தின் நாதம்' என்ற பேச்சு இங்கே செல்லாது. கெட்டி மரம் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப அகலவாக்கில் விரிந்து சுருங்கும். ஐப்பசி மழையில் இறுகி இருக்கும் இணைப்பு சித்திரை வெயிலில் முடி நுழையும் அளவு திறந்தால் போதும், பேஸ் அடிக்கும்போதெல்லாம் 'உஸ்' என்று காற்று வரும். பெட்டியை ப்ளைவுட்டில் செய்து, முன்பக்கச் சட்டத்துக்கும் விளிம்புகளுக்கும் தேக்கை வையுங்கள். தாத்தாவும் கண்ணில் படுவார்.

ப்ளைவுட்டில் ஐ.எஸ். (இந்தியத் தர எண்) 710 மெரைன் தேவையில்லை, வீட்டுக்குள் வைக்கிற பெட்டிக்கு ஐ.எஸ். 303 பி.டபிள்யூ.ஆர்., அதாவது கொதிநீர் தாங்கும் ரகம், போதும். வெட்டிய விளிம்பைப் பாருங்கள். நடு அடுக்குகளில் சந்து தெரிந்தால் வேண்டாம், அந்த இடம் பின்னால் 'கிர்ர்' என்று அதிரும். ஐ.எஸ்.ஐ. முத்திரையின் கீழுள்ள உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டுச் சரிபார்க்கலாம். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை சீராக இருக்கும், வெட்டவும் சுலபம். ஆனால் தினமும் தரை துடைக்கிற வீட்டில் அதன் அடிவிளிம்பு தண்ணீர் குடித்து ரஸ்க் மாதிரி ஊதிவிடும். எம்.டி.எஃப். என்றால் அடியில் ரப்பர் கால் வைக்காமல் தரையில் இறக்காதீர்கள். பெட்டி ஒன்றின் பலகை மட்டுமே சுமார் 20 கிலோ வரும், இரண்டு பேராகத் தூக்குங்கள்.

கேள்வி: பிரபலமான கம்பெனி என்று சொல்லி விற்ற ஊஃபர் ஜோடி டூப்ளிகேட் போலத் தெரிகிறது. "பில் போட்டால் ஜிஎஸ்டி சேரும்" என்றதால் பில் வாங்கவில்லை. பணம் ஜிபேயில் அனுப்பினேன்.

பதில்: முதலில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 8 ஓம் என்று எழுதிய ஊஃபர் ஐந்தரையிலிருந்து ஏழு ஓம் வரை காட்டுவது இயல்பு. 3.5 காட்டினால் அது 4 ஓம் ஊஃபர், ஸ்டிக்கர் பொய். எடையைக் கம்பெனியின் டேட்டா ஷீட்டோடு ஒப்பிடுங்கள். காந்தம் சின்னதாக இருந்தால் தராசு காட்டிக்கொடுத்துவிடும்.

பில் இல்லை என்பதால் வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி பில் தராததே நியாயமற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பதும் அப்படித்தான். திருப்பி எடுக்கப் பில்லில் கெடு போடாவிட்டால் 30 நாள் கணக்கு. ஜிபே ரசீது, கடைக்காரரோடு வாட்ஸ்அப்பில் பேசியது, ஊஃபரின் படம் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதில் முடியாவிட்டால் உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஊஃபரைப் பெட்டியில் ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிடாதீர்கள். துளை விழுந்த தடத்தைக் காட்டியே திருப்பி வாங்க மறுப்பார்கள்.

கேள்வி: பெட்டிக்குள் பழைய தலையணைப் பஞ்சு போடலாமா?

பதில்: இலவம்பஞ்சு வேண்டாம், சட்டென்று தீப்பிடிக்கும், தூசியும் கொட்டும். தலையணைக் கடையில் ரெக்ரான் என்ற பாலியெஸ்டர் பஞ்சு கேளுங்கள். மூடிய பெட்டி என்றால் உதறிப் பிரித்து லேசாக நிரப்பலாம். குழாய் வைத்த பெட்டியில் சுவர்களில் மட்டும் ஒட்டுங்கள், குழாயின் உள்வாயைச் சுற்றி ஒரு சாண் வெறுமையாக இருக்கட்டும்.