பட்டு மருந்தைச் சுமக்குமா?

கேள்வி: என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். சிவப்பு நிறத்தில் இருக்கும் கீமோ மருந்தை இதுவரை இரண்டு முறை ஏற்றியிருக்கிறார்கள். வாய்ப்புண்ணும் முடி உதிர்வும் அவரை மிகவும் சோர்வடையச் செய்துவிட்டதால், அடுத்த முறைக்குப் போகவே பயப்படுகிறார். இந்த நிலையில், பட்டிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து வந்துவிட்டதாகக் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. பட்டுப்புழு வளர்க்கும் குடும்பம் எங்களுடையது. அந்த மருந்து எங்கே கிடைக்கும்? அதுவரை கீமோவைத் தள்ளிப்போடலாமா?
- ஒரு வாசகி, தர்மபுரி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போடவே கூடாது. நீங்கள் படித்த செய்தி ஆய்வுக்கூடத்தில் நடக்கும் வேலையைப் பற்றியது. அந்த மருந்து இன்னும் மருத்துவமனைக்கு வரவில்லை. அக்காவின் வாய்ப்புண்ணையும் பயத்தையும் அவருடைய மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவற்றைத் தணிக்க இன்றே வழிகள் இருக்கின்றன.

அந்தச் சிவப்பு மருந்து டாக்ஸோரூபிசினாகவோ அதன் நெருங்கிய உறவான எபிரூபிசினாகவோ இருக்கக்கூடும். ரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் பரவுவதால், புற்றுநோய் செல்களோடு முடியின் வேரையும் வாயின் உட்தோலையும் எலும்பு மஜ்ஜையையும் அது தாக்குகிறது. இதயத் தசையையும் பாதிக்கும் என்பதால், டாக்ஸோரூபிசினை ஒருவருக்கு வாழ்நாள் முழுவதிலும் சேர்த்து உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 450 முதல் 550 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்க மருத்துவர்கள் தயங்குகிறார்கள். இந்த மருந்தை ஏதாவது ஒன்றில் பொதிந்து கட்டியிடம் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாதா என்ற கேள்வியிலிருந்துதான் பட்டு ஆராய்ச்சி தொடங்குகிறது. பட்டு தானாகப் புற்றுநோயைக் கொல்வதில்லை. மருந்தைச் சுமக்கும் வேலைக்குத்தான் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

உங்களுக்குத் தெரிந்த பட்டுக்கூட்டிலிருந்தே சொல்கிறேன். கூட்டில் இரண்டு புரதங்கள் உண்டு: நூலாக இருப்பது ஃபைப்ராயின், அதை ஒட்டவைக்கும் பிசின் செரிசின். வெட்டிய கூடுகளைச் சோடியம் கார்பனேட் கலந்த நீரில் கொதிக்கவைத்தால் பிசின் கரைந்துபோய், பஞ்சு போன்ற நார் மிஞ்சும். அந்த நாரை அடர்த்தியான லித்தியம் புரோமைடு கரைசலில் 60 டிகிரிச் சூட்டில் சில மணி நேரம் வைத்தால், தேன் நிறத்தில் பாகு போல் கரைந்துவிடும். பிறகு நுண்துளைப் பைகளில் ஊற்றி, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை முழுவதும் வெளியேற்றுவார்கள். மிஞ்சும் தெளிந்த பட்டு நீரைச் சொட்டுச் சொட்டாக அசிட்டோனில் விட்டால், அது அந்தக் கணமே பால் போல வெளுக்கும். அந்த வெண்மைதான் நானோ துகள்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 நானோமீட்டர், அதாவது ஒரு பட்டிழையின் தடிமனில் நூற்றில் ஒரு பங்கு.

அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் காப்லானும் பிலிப் சைபும் அவர்களுடைய குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய துகள்களில்தான் டாக்ஸோரூபிசினை ஏற்றினார்கள். பட்டின் எதிர்மின்னூட்டமும் மருந்தின் நேர்மின்னூட்டமும் ஒன்றையொன்று ஈர்ப்பதால், மருந்து துகளோடு ஒட்டிக்கொள்கிறது. ரத்தத்தின் 7.4 என்ற பி.எச். அளவில் (குறையக் குறைய அமிலத்தன்மை கூடும் அளவுகோல் இது) அது மெதுவாகவே கசிகிறது. செல்லுக்குள் இருக்கும் லைசோசோம் என்ற அமிலப் பையில், 4.5 அளவில், பட்டு தன் மின்னூட்டத்தை இழக்கத் தொடங்குவதால் பிடி தளர்ந்து மருந்து வேகமாக வெளிவருகிறது. இதில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. சில புற்றுநோய் செல்கள் உள்ளே வரும் மருந்தைத் தம் வெளிச்சவ்விலுள்ள பம்புகளால் வெளியே தள்ளி, சிகிச்சைக்கு அடங்காதவையாகிவிடும். துகளோடு சேர்த்து விழுங்கப்படும் மருந்தோ அந்தப் பம்புகளுக்கு அகப்படாமல் உள்ளே போய்விடுகிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த அத்தகைய மார்பகப் புற்றுநோய் செல்களை இந்தத் துகள்கள் கொன்றன. ஆனால் அவை தட்டில் வளர்த்த செல்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

கேள்வி: பட்டு இயற்கைப் பொருள்தானே? அறுவை சிகிச்சையில் பட்டு நூலால் காலங்காலமாகத் தையல் போடுகிறார்கள். பிறகு இந்தத் தாமதம் எதற்கு?
- கல்லூரி மாணவர், காஞ்சிபுரம்

பதில்: தோலில் போடும் தையலும் ரத்தத்தில் செலுத்தும் துகளும் ஒன்றல்ல. ரத்தத்தில் நுழையும் துகளை உடல் அந்நியப் பொருளாகவே பார்க்கிறது. கல்லீரலும் மண்ணீரலும் அதில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. பத்து ஆண்டுகளில் வெளியான பலவகை நானோ துகள் ஆய்வுகளைத் தொகுத்த டொராண்டோ பல்கலைக்கழகக் குழு, செலுத்திய அளவில் கட்டியை அடைந்தது இடைநிலையாக 0.7 விழுக்காடு மட்டுமே என்று 2016இல் காட்டியது. பட்டும் இந்தத் தடையைத் தாண்டியாக வேண்டும். அதே சமயம், பொதிந்து கொடுப்பதால் பலனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. டாக்ஸோரூபிசினைக் கொழுப்புக் குமிழியில் அடைத்த மருந்து அமெரிக்காவில் 1995இலேயே அனுமதி பெற்றது. இதயத்துக்கு அதனால் வரும் கேடு குறைவு.

பட்டுக்கே உரிய சிக்கலும் ஒன்று உண்டு. கூட்டை அரை மணி நேரம் கொதிக்கவைத்தால் கிடைக்கும் ஃபைப்ராயின் சங்கிலியைவிட, ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தால் கிடைப்பது குட்டையாகிவிடுகிறது; அதனால் துகள் உருவாகும் விதமும் உடலில் சிதையும் வேகமும் மாறக்கூடும். புடவைக்கு இந்த வேறுபாடு பொருட்டில்லை. ரத்தக் குழாயில் ஏற்றும் மருந்துக்கோ, இன்று செய்த புட்டியும் அடுத்த ஆண்டு செய்யும் புட்டியும் ஒன்றுபோல இருக்கின்றன என்று நிரூபித்தால்தான் மனிதரிடம் சோதிக்கவே அனுமதி கிடைக்கும்.