ஸ்லீவ் செய்து மூன்று ஆண்டில் எடை ஏறுகிறது: மறுபடியும் கத்தி வைக்க வேண்டுமா?

கேள்வி: நான் 41 வயதுப் பெண். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. எடையைக் குறைக்க, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டு மூன்று ஆண்டு ஆகப்போகிறது. 121 கிலோ இருந்த நான் ஒன்றரை ஆண்டில் 76 கிலோவுக்கு வந்தேன். இப்போது 83. வயிறு மறுபடியும் விரிந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்போது என்னை ஆபரேஷனுக்கு அழைத்துச் சென்ற ஒருங்கிணைப்பாளர், "இரைப்பை பைபாஸாக மாற்றிவிட்டால் சரியாகிவிடும், இந்த மாதத்துக்குள் பணம் கட்டினால் சலுகை உண்டு" என்று தினமும் போன் செய்கிறார். தெரிந்த பெண் ஒருவர் விற்கும் பவுடரைக் காலை உணவுக்குப் பதிலாகக் குடிக்கிறேன். சில நாள் சாப்பிட்டதும் வாந்தி வருகிறது. முடி கொட்டுகிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது. சத்து மாத்திரைகளை ஓராண்டோடு நிறுத்திவிட்டேன். என்ன செய்வது?

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள். இரண்டாவது அறுவை சிகிச்சை வேண்டும் என்று சொல்ல உங்கள் கடிதத்தில் எந்தக் காரணமும் இல்லை. உடனே கவனிக்க வேண்டியவை நீங்கள் நிறுத்திவிட்ட மாத்திரைகளும் அந்த வாந்தியும். எடை உங்களை அதிகம் உறுத்துவதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

நீங்கள் இழந்தது 45 கிலோ. திரும்பி வந்தது 7 கிலோ. ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கி, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பல ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதில் பைபாஸ் (இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு நேரே இணைக்கும் அறுவை சிகிச்சை) செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவீத எடையை இழந்தார்கள். பத்தாம் ஆண்டில் அது 25 சதவீதமாகக் குறைந்து, அந்த அளவில் நின்றது. ஸ்லீவுக்கும் போக்கு இதுதான்: மிகக் குறைந்த எடை ஒன்று முதல் ஒன்றரை ஆண்டில் வரும், பிறகு கொஞ்சம் ஏறும். உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 121-இல் 38 கிலோ இன்றும் குறைவாகவே இருக்கிறது; 31 சதவீதம். இதைத் தோல்வி என்று உங்களிடம் சொன்னவர் யாராக இருந்தாலும், அவருக்கு விற்க ஏதோ இருக்கிறது.

ஏன் ஏறுகிறது? எடை குறைந்த உடலுக்கு முன்பு தேவைப்பட்ட அளவு உணவு தேவையில்லை. 121 கிலோவைச் சுமந்து நடந்த உடல் செலவழித்ததை 76 கிலோ உடல் செலவழிக்காது. கூடவே பசியும் மெல்லத் திரும்பும். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடுகிறது. அதனால்தான் முதல் ஆண்டில் சாப்பிடச் சொல்லி ஆள் நினைவூட்ட வேண்டியிருந்தது. அந்தச் சலுகைக் காலம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

வயிறு விரிந்ததா என்ற கேள்விக்கு வருவோம். மிச்சம் வைத்த இரைப்பைக் குழாய் ஓரளவு தளர்வது இயல்பு. முதல் மாதம் நான்கு வாய் சாப்பிட்டதும் நிறைந்த வயிறு மூன்றாம் ஆண்டிலும் அப்படியே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். வீட்டிலேயே ஒன்றைப் பார்க்கலாம். பசித்த நேரத்தில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலை, தண்ணீர் குடிக்காமல், மென்று மெதுவாகச் சாப்பிடுங்கள். முக்கால் கிண்ணத்தில் போதும் என்று தோன்றினால் உங்கள் ஸ்லீவ் தன் வேலையைச் செய்கிறது. அதே ஆள் மிக்சர் பாக்கெட் ஒன்றைப் பேசிக்கொண்டே காலி செய்துவிட முடியும். மிக்சர், முறுக்கு, பிஸ்கட், ரஸ்க் எல்லாம் வாயிலேயே பொடியாகி, டீயோடு கூழாகி, எந்தத் தடையும் இல்லாமல் இறங்கிவிடும். எந்த அறுவை சிகிச்சையாலும் இதைத் தடுக்க முடியாது. பைபாஸாலும் முடியாது.

எடை கூடி வருகிறவர்களிடம் நான் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன் டீயைப் பற்றித்தான் கேட்பேன். "மூன்று இட்லிதான் டாக்டர் சாப்பிடுகிறேன்" என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கும். காலை ஆறு மணிக்கு ஒரு காபி, பதினொரு மணிக்கு அலுவலக டீ, மூன்றரைக்கு ஒன்று, வீட்டுக்கு வந்ததும் ஒன்று. பாலும் இரண்டு கரண்டிச் சர்க்கரையும் சேர்ந்த ஒரு டீ சுமார் 90 கலோரி. நான்கு டீயில் 360. கூடவே ஒரு கைப்பிடி மிக்சர் என்றால் இன்னொரு 150. பசி அடங்கவில்லை, புரதம் ஏறவில்லை, ஐந்நூறு கலோரி உள்ளே போய்விட்டது. கணக்குப் பிரிவில் வேலை செய்கிற உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ஒரு வாரம், வாயில் போட்டது ஒவ்வொன்றையும் நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். அலுவலகத்தில் யாரோ நீட்டிய பிறந்தநாள் கேக்கின் ஒரு துண்டையும் விடாதீர்கள்.

அடுத்தது புரதம். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும், 80 வரை போகலாம். ஒரு இட்லியில் இருப்பது இரண்டு கிராம். ஒரு முட்டையில் ஆறு. சமைத்த கோழி நூறு கிராமில் 25-க்கு மேல். மீனில் சுமார் 20. பனீரில் 18. சுண்டல் ஒரு கிண்ணத்தில் 12. நம் வீட்டுச் சாப்பாட்டில் சோறு மலையாக இருக்கும், கூட்டும் பொரியலும் ஓரத்தில் இருக்கும், முட்டை இருந்தால் கடைசியில் வரும். நீங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்: முதலில் முட்டையோ மீனோ சுண்டலோ, அடுத்துக் காய், இடம் மிச்சமிருந்தால் சோறு. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னும் பின்னும் தண்ணீர் வேண்டாம். இடைப்பட்ட நேரத்தில் ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் குடியுங்கள். நடைப்பயிற்சியோடு வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும். தசை கரையாமல் இருப்பதற்காக.

அந்தப் பவுடரை இன்றே நிறுத்துங்கள். திரவமாகக் குடிப்பது ஸ்லீவில் தங்காது. எட்டரைக்குக் குடித்தால் பத்தரைக்குப் பசிக்கும், அந்தப் பசிக்குத்தான் பிஸ்கட் போகிறது. டப்பாவின் பின்புறம் ஒரு கரண்டிக்கு எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் சர்க்கரை என்று தெளிவாக இருக்கிறதா, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். மூலிகை கலந்த எடைக் குறைப்புப் பவுடர்களால் கல்லீரல் கெட்டு வந்தவர்கள் உண்டு. ஆள் சேர்த்து விற்கும் சங்கிலி வியாபாரத்தில் உங்களுக்குப் பவுடர் தருபவருக்கு மருத்துவம் தெரியாது. அவருக்கும் மேலே ஒருவர் கமிஷன் வாங்குகிறார். பாவம், அவரே அதை நம்பிக் குடிக்கவும் செய்வார்.

இப்போது பசியை அடக்கி எடையைக் குறைக்கும் ஊசிகளும் வந்துவிட்டன. மௌஞ்சாரோ 2025 மார்ச்சிலும், வீகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. அறுவை சிகிச்சைக்குப் பிறகு எடை ஏறுகிறவர்களில் சிலருக்கு இவை நன்றாகவே உதவுகின்றன. நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்பும் என்பதையும் தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும். ஜிம்மிலும் அழகு நிலையத்திலும் யாரோ எடுத்துத் தரும் ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள். புரதம் ஏற்கெனவே போதாத உடம்பில் பசியையும் அடக்கினால் கரைவது கொழுப்பு மட்டுமாக இருக்காது.

மாத்திரைகளுக்கு வருகிறேன். அவற்றை நிறுத்தச் சொன்னது யார் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. சீட்டு முடிந்துபோகும், புதுச் சீட்டு எழுத ஆள் இருக்காது. இந்த மாத்திரைகள் ஆயுள் முழுவதற்கும். பல்வகை வைட்டமின், பி12, இரும்பு, கால்சியம் சிட்ரேட், வைட்டமின் டி. பி12 உடம்புக்குள் சேர இரைப்பையின் சுரப்பு வேண்டும். உங்களுக்கு அது குறைந்துவிட்டது. கல்லீரலில் சேர்ந்திருக்கும் பி12 சில ஆண்டுகள் தாங்கும் என்பதால் முதல் ஆண்டில் ஒன்றும் தெரியாது. மூன்றாம் ஆண்டு வாக்கில்தான் கால் மரத்துப்போகும், மறதி வரும், நடை தடுமாறும். காலம் கடத்தினால் நரம்புப் பாதிப்பு முழுதாகத் திரும்பாது.

முடி விஷயத்திலும் இதே கதைதான். அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை முடி கொட்டினால் பயப்பட வேண்டாம், வளர்ந்துவிடும். மூன்றாம் ஆண்டில் கொட்டினால், படியேற மூச்சும் வாங்கினால், நான் இரத்தசோகையைத்தான் முதலில் சந்தேகிப்பேன். மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு இரும்பு நாளொன்றுக்கு 45 முதல் 60 மில்லிகிராம் தேவை. அதை டீயோடு விழுங்காதீர்கள், கால்சியத்தோடும் சேர்க்காதீர்கள். இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மருந்துக்கடையில் முடிக்கென்று தரும் பயோட்டின் மாத்திரையை வாங்கிவிட்டு இரும்பை மறந்துவிடுகிறார்கள். பயோட்டின் தைராய்டு பரிசோதனை முடிவையே குழப்பிவிடும்; இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும்.

செய்ய வேண்டிய பரிசோதனைகள்: முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பின் இருப்பைக் காட்டுவது), பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், ஆல்புமின், தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை அளவு. ஆண்டுக்கு ஒரு முறை, வாழ்நாள் முழுவதும். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு "நார்மல்" என்றால் ஏற்காதீர்கள். ஃபெரிட்டினும் வேண்டும் என்று கேளுங்கள்.

இதுவரை சொன்னதையெல்லாம் இந்த மாதத்துக்குள் செய்தால் போதும். வாந்தி மட்டும் விதிவிலக்கு. எப்போதாவது அவசரமாகச் சாப்பிட்டதால், மெல்லாமல் விழுங்கியதால் வரும் ஒரு வாந்தியைப் பற்றிச் சொல்லவில்லை. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து எதுவும் தங்காமல் வாந்தி எடுத்தால் காத்திருக்காதீர்கள். உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருப்பு இருக்காது. மாத்திரையும் நிறுத்திய உங்களுக்கு அதற்கும் குறைவாகவே இருக்கலாம். அது தீர்ந்தால் பாதிக்கப்படுவது மூளை. இரட்டையாகத் தெரிவது, கண்ணின் கருவிழி நிலையில்லாமல் ஆடுவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம். மதுவுக்கு அடிமையானவர்களுக்கு வருவது என்று மருத்துவப் புத்தகத்தில் படித்த வெர்னிக்கே நோய், வாழ்நாளில் மதுவைத் தொடாத பெண்ணுக்கு இப்படி வரும்.

இங்கே ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. வாந்தி, சோர்வு என்று தெருமுனைக் கிளினிக்குக்குப் போனால் முதலில் என்ன செய்வார்கள்? குளுக்கோஸ் ஏற்றுவார்கள். தயமின் தீர்ந்த உடம்பில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் அதைச் செரிப்பதிலேயே தீர்ந்து, அன்றிரவே நிலைமை மோசமாகலாம். முதலில் தயமின் ஊசி, அதன் பிறகுதான் குளுக்கோஸ். ஒரு சீட்டில் தமிழில் பெரிதாக எழுதி உங்கள் பர்ஸில் வையுங்கள்: "எனக்கு இரைப்பை அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. தொடர் வாந்தி இருந்தால் குளுக்கோஸுக்கு முன் தயமின் ஊசி போடவும்." உங்கள் கணவருக்கும் சொல்லி வையுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் நீங்கள் தெளிவாகப் பேச முடியாமல் போகலாம். தயமின் ஊசி விலை குறைந்த மருந்து. அது போடப்படாததால் ஒருவர் தன் பிள்ளையின் பெயரை மறந்துபோய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

இதெல்லாம் ஏன் உங்களுக்கு முன்பே சொல்லப்படவில்லை? காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணைய விதிப்படி உடல் நிறை குறியீடு (உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண்) 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், அல்லது 35-ஆகவோ அதற்கு மேலோ இருந்து கட்டுப்படாத சர்க்கரை போன்ற கடுமையான நோயும் இருந்தால், அறுவை சிகிச்சைக்குக் காப்பீடு கேட்க முடிகிறது. லட்சக்கணக்கில் பில் தீர்கிறது. அதன் பிறகு ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய இரத்தப் பரிசோதனைக்கும், டயட்டீஷியனைப் பார்ப்பதற்கும், ஆயுள் மாத்திரைக்கும் பெரும்பாலான பாலிசிகளில் ஒரு பைசா கிடையாது; அவையெல்லாம் புறநோயாளிச் செலவு. வெட்டுவதற்குப் பணம் இருக்கிறது, வெட்டிய பிறகு ஆளைக் காப்பாற்றப் பணம் இல்லை. ஒருங்கிணைப்பாளருக்கும் உங்களை இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினால் ஒன்றும் கிடைக்காது. அறுவைக்கு அனுப்பினால்தான் கிடைக்கும். உங்கள் போன் தினமும் அடிப்பது அதனால்தான்.

இரண்டாவது அறுவை சிகிச்சை சிலருக்கு உண்மையாகவே தேவைப்படும்: மருந்துக்கு அடங்காத நெஞ்செரிச்சல், இரைப்பைக் குழாய் குறுகி உணவு இறங்காமை, இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பிச் சர்க்கரையும் கூடவே வருவது. உங்கள் வாந்தி தொடர்ந்தால் எண்டோஸ்கோப்பியும் பேரியம் எக்ஸ்ரேயும் எடுத்துக் குறுகல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். அதைப் பார்க்காமல், முதல் அறுவையின் குறிப்பைப் படிக்காமல், போனிலேயே விலை சொல்கிறவரிடம் போகாதீர்கள். மறு அறுவையில் கசிவும் சிக்கலும் முதல் அறுவையைவிட அதிகம். சலுகைத் தேதி என்பது துணிக்கடைக்குப் பொருந்தும்.

அந்தக் குறிப்பு உங்களிடம் இருக்கிறதா? பலரிடம் பில்லும் டிஸ்சார்ஜ் தாளும்தான் இருக்கும். மருத்துவக் கவுன்சிலின் 2002 ஆம் ஆண்டு விதிகளின்படி உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். உங்களுக்கு மூன்றாண்டு முடியப் போகிறது. ஆகவே இந்த வாரமே மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் அறுவை சிகிச்சைக் குறிப்பு, திசுப் பரிசோதனை அறிக்கை, டிஸ்சார்ஜ் சுருக்கம் மூன்றின் நகலையும் கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள். மனுவின் இன்னொரு பிரதியில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருங்கிணைப்பாளர் வழியாகக் கேட்காதீர்கள், நேரில் போங்கள். அந்தத் தாள்களையும் இரத்த முடிவுகளையும் ஒரு வார உணவு நோட்டையும் எடுத்துக்கொண்டு, அறுவை சிகிச்சை செய்தவரிடமோ வேறொரு இரைப்பைக் குடல் நிபுணரிடமோ காட்டுங்கள்.