கூரை உடைந்த வீட்டுக்கு எவ்வளவு முடியும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சித்திரை இடிமழைக்குப் பிறகு வந்த கடிதங்களில் கூரை பற்றியவையே அதிகம். நாலு கடிதங்களை எடுத்திருக்கிறேன். முதலாவதுக்கு நீளமாகப் பதில் எழுதவேண்டியிருந்தது. மற்றவர்கள் கேட்டதில் பாதிக்கும் அதற்குள்ளேயே பதில் இருக்கிறது.

கேள்வி: படுவான்கரையில் எங்கள் வீடு. 30 அடிக்கு 24 அடி, பழைய அஸ்பெஸ்டஸ் சீற் கூரை. ஒரு பின்னேரம் காற்றோடு ஆலங்கட்டி விழுந்ததில் ஒன்பது சீற் உடைந்துவிட்டது. வந்து பார்த்த கொந்தராத்துக்காரர் முழுக்கூரையையும் கழற்றிப் புதிதாகப் போடவேணும் என்கிறார். மொத்தமாக ஒரு தொகை சொல்லி, அரைவாசியை முற்பணமாகக் கேட்கிறார். கணவர் கட்டாரில். நான் பிள்ளைகளோடு தனியே இருக்கிறேன். உண்மையில் எவ்வளவு முடியும்?
— ஒரு வாசகி, கொக்கட்டிச்சோலைப் பக்கம்

பதில்: முற்பணம் கொடுக்காதீர்கள், தங்கச்சி. முதலில் தறப்பாள் கட்டி வீட்டுக்குள் தண்ணீர் விழாமல் பாருங்கள். தறப்பாளுக்கும் முதல் வேலை ஒன்று இருக்கிறது. உடைந்த ஒவ்வொரு சீற்றையும் உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் போனில் படம் எடுத்து வையுங்கள். அன்றைக்கோ மறுநாளோ கிராம உத்தியோகத்தரிடம் சேதத்தைப் பதிவுசெய்யுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அறிவிக்கலாம். பிரதேச செயலகத்திலிருந்து சேதம் பார்க்க வருகிறவருக்கு, திருத்தி முடித்த கூரையில் மதிப்பிட எதுவும் இருக்காது.

நீங்கள் கேட்டது தொகை. இங்கே ஒரு ரூபாய் விலை எழுதினால் அடுத்த மாதம் அது செல்லாது. அதனால் அளவுக் கணக்கைத் தருகிறேன். விலையை உங்கள் ஊர் ஹாட்வெயார் கடைகள் இரண்டு மூன்றில் கேட்டு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அளவு உங்கள் கையில் இருந்தால் மொத்தத் தொகை சொல்லி உங்களை ஏமாற்ற முடியாது.

30 அடி, 24 அடி என்பது சுவர் அளவு. சுற்றிவர 2 அடி தாழ்வாரம் இருந்தால் 34க்கு 28 ஆகிறது. கூரை சரிந்து கிடப்பதால் அதையும் சேர்க்கவேண்டும். அஸ்பெஸ்டஸ் கூரைக்கு வழக்கமான 15 பாகைச் சரிவுக்கு நூற்றுக்கு மூன்றரை கூட்டினால் போதும். 985 சதுர அடி வரும், அதாவது 100 சதுர அடியை ஒரு சதுரம் என்று பாஸ்மார் சொல்லும் கணக்கில் ஏறத்தாழ 10 சதுரம். முகட்டிலிருந்து தாழ்வாரம் வரை ஒரு பக்கச் சரிவின் நீளம் பதினாலரை அடி. 8 அடி சீற் ஒன்றும் 7 அடி சீற் ஒன்றும் ஆறு அங்குலம் மேலேறிக் கிடந்தால் அந்த நீளம் சரியாக வரும். அகலத்தில் ஒரு சீற், பக்கத்துச் சீற்றின்மேல் ஏறும் பகுதி போக, ஏறத்தாழ 3 அடி 4 அங்குலத்தை மூடும். 34 அடிக்குப் 10 சீற் கொஞ்சம் போதாது, 11 வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 8 அடியில் 22, 7 அடியில் 22, மொத்தம் 44 சீற். அதோடு 34 அடிக்கு முகட்டுச் சீற். உங்கள் கூரையில் எண்ணிப் பாருங்கள், இதை ஒட்டித்தான் வரும். யாராவது 60 சீற் என்று எழுதித் தந்தால் மிச்சம் பதினாறும் எங்கே போகிறது என்று கேளுங்கள்.

44இல் 9 உடைந்திருக்கிறது. அதற்காக முழுக்கூரையையும் கழற்றவேண்டியதில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். பழைய அஸ்பெஸ்டஸ் வெயிலிலும் மழையிலும் கிடந்து நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும். ஆலங்கட்டி விழுந்த இடத்தில் ஓட்டை இல்லாவிட்டாலும் மயிரிழை வெடிப்பு ஓடியிருக்கும். நல்ல வெயில் நேரம் யன்னல்களைச் சாத்தி, உள்ளேயிருந்து அண்ணாந்து பாருங்கள். வெளிச்சக் கோடு தெரிகிற சீற்றுக்கெல்லாம் சோக்கால் அடையாளமிடுங்கள். அடுத்த மழையில் ஈரம் கசியும் சீற்றையும் சேருங்கள். என் கணக்கு இதுதான்: எல்லாம் சேர்த்து மூன்றில் ஒன்றுக்குக் குறைவென்றால், மரமும் நல்லதென்றால், உடைந்ததை மட்டும் மாற்றுங்கள். அதைத் தாண்டினால், இந்தத் தடவை சில்லறைத் திருத்தத்துக்குக் காசைக் கரைக்காமல் முழுக்க மாற்ற யோசியுங்கள்.

மாற்றுச் சீற் வாங்கப்போகும்போது அலையின் உச்சியிலிருந்து அடுத்த உச்சி வரையான தூரத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். எல்லாக் கம்பனிச் சீற்றும் ஒரே அலை அல்ல. கொஞ்சம் பிசகினாலும் பழையதன்மேல் படியாமல் இடைவெளி விடும், மழை அதற்குள்ளால் வரும். அஸ்பெஸ்டஸ் கலக்காத நார்ச்சீமெந்துச் சீற்றும் இருக்கிறது. அலை பொருந்தினால் அதையே வாங்குங்கள்.

முழுக்க மாற்றுவதாக இருந்தால் எதைப் போடுவது என்பதுதான் செலவைத் தீர்மானிக்கும். ஓட்டுக்கு ஆசைப்படுவது இயல்பு, வீட்டுக்குள் குளிர்ச்சி கிடைக்கும். ஆனால் ஓட்டுக்கு 30 பாகையளவு சரிவு தேவை. அப்போது பரப்பு 1100 சதுர அடியாகிறது. ஓடு சதுர அடிக்கு ஏறத்தாழ 4 கிலோ பாரம், ஆக கூரைமேல் நாலரைத் தொன் வரை ஏறும். அஸ்பெஸ்டஸுக்கென்று தூரத் தூரப் போட்ட மரம் அதைத் தாங்காது. கைமரம், சிலாகை எல்லாம் புதிதாக வேண்டும். மரச்செலவும் ஓடாவியின் கூலியும் ஓட்டின் விலையைத் தாண்டிவிடும். “ஓடு இவ்வளவுதான்” என்று கடையில் கேட்ட விலையை வைத்துத் தொடங்கி, பாதியில் நின்ற வீடுகள் நம் பக்கத்தில் நிறைய.

சிங் அலுமினியத் தகடு, அதாவது நாகமும் அலுமினியமும் பூசிய உருக்குத் தகடு, இதற்கு எதிர்ப்பக்கம். 0.47 மில்லிமீற்றர் தகடு சதுர அடிக்கு அரைக் கிலோகூட இல்லை, முழுக்கூரையும் 400 கிலோவுக்குள் முடியும். இருக்கும் மரம் உளுத்துப்போகாமல் இருந்தால் இடையில் சில குறுக்கு மரம் சேர்த்தால் போதும். சூடும் மழைச்சத்தமும் அதிகம். ஆனால் பாரம் குறைந்த கூரையைக் காற்றுக்குத் தூக்குவது எளிது. 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்கள் மட்டக்களப்பில் இன்னும் இருக்கிறார்கள், தகரம் எப்படிப் பறந்தது என்று கேட்டுப் பாருங்கள். காற்று முதலில் பிடிப்பது தாழ்வார ஓரத்தையும் முகட்டையும் மூலைகளையும்தான். அந்த இடங்களில் திருகாணியை நெருக்கிப் போடவேண்டும், ஒவ்வொன்றுக்கும் ரப்பர் வொசர் வேண்டும். கைமரத்தைச் சுவர்மேல் கிடக்கும் மரத்தோடு இரும்புப் பட்டியால் கட்டவேண்டும், அந்த மரத்தைக் கொன்கிறீட் பெல்ட்டோடு போல்ட் போட்டு இறுக்கவேண்டும். மொத்தச் செலவில் இவற்றின் பங்கு மிகச் சிறியது. கொந்தராத்துக்காரர் விலையைக் குறைக்கும்போது முதலில் வெட்டுவதும் இவற்றைத்தான். சீற் விலையில் பேரம் பேசுங்கள், ஆணியிலும் பட்டியிலும் பேசாதீர்கள்.

இன்னொன்றை வலியுறுத்திச் சொல்லவேண்டும். பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றைக் கழற்றும்போது அதிலிருந்து வரும் தூசு நுரையீரலில் புற்றுநோய் வரை கொண்டுபோகும். நீல அஸ்பெஸ்டஸை இலங்கை 1987இலேயே தடைசெய்தது. இன்று கூரையில் இருக்கும் வெள்ளையும் புற்றுநோய் தரும் பொருள்தான். தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுச் சீற்றாக இறக்கச் சொல்லுங்கள். கிரைண்டரால் வெட்டவோ மேலேயிருந்து வீசவோ விடாதீர்கள். விழுந்த துண்டுகளைத் தும்புத்தடியால் கூட்டவேண்டாம். நனைத்துப் பொறுக்கிப் பொலித்தீனில் கட்டி, எங்கே கொடுப்பது என்று பிரதேச சபையில் கேளுங்கள். அன்று பிள்ளைகள் வீட்டில் இருக்கக்கூடாது. யாரும் சீற்றின்மேல் நேரடியாக மிதிக்கக்கூடாது, பலகை போட்டே நடக்கவேண்டும். உடைந்து உள்ளே விழுந்து செத்தவர்கள் உண்டு.

கொடுக்கல் வாங்கலுக்கு வருவோம். சாமான்களை நீங்களே வாங்குங்கள், பற்றுச்சீட்டு உங்கள் பெயரில் இருக்கட்டும். கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. விலை கேட்கும்போதே வற் வரி சேர்த்தா சேர்க்காமலா என்று கேளுங்கள். 2024 தொடக்கம் அது நூற்றுக்கு 18, கடைசியில் வந்து சேர்ந்தால் தாங்காது. கூலியைச் சதுரத்துக்கு இவ்வளவு என்று பேசுங்கள். பழையதைக் கழற்றுவது, அகற்றுவது, முகட்டு வேலை, பீலி எல்லாம் அதற்குள் அடங்குமா என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கழற்றி மரவேலை முடிந்ததும் ஒரு பங்கு, சீற் போட்டதும் ஒரு பங்கு, நல்ல மழை ஒன்று பெய்து ஒழுகவில்லை என்று கண்டபின் கடைசிப் பங்கு. இதற்குச் சம்மதிக்காதவர் உங்கள் கூரையில் ஏறவேண்டியதில்லை.

கேள்வி: வீட்டுக்குக் காப்புறுதி எடுத்திருந்தேன். புயற்காற்றில் கூரை போனது, திருத்த எட்டு இலட்சம் முடிந்தது. கம்பனி நாலு இலட்சத்துக்கும் குறைவாகத் தருகிறது. இது மோசடி இல்லையா?
— ஒரு வாசகர், கல்முனை

பதில்: உங்கள் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தபிறகே மோசடியா இல்லையா என்று சொல்லலாம். பெரும்பாலான வீட்டுக் காப்புறுதியில் சராசரி விதி என்று ஒன்று இருக்கும். உங்கள் வீட்டை இன்று திரும்பக் கட்ட 60 இலட்சம் தேவை, நீங்கள் 30 இலட்சத்துக்குத்தான் காப்புறுதி செய்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். அப்போது எந்த நட்டத்திலும் பாதியைத்தான் கம்பனி ஏற்கும், எட்டு இலட்சம் நாலாகும். அதிலும் நீங்களே தாங்கவேண்டிய முதல் பகுதி என்று ஒன்றைக் கழிப்பார்கள். கட்டும் செலவு பலமடங்கு ஏறிய பிறகும் பழைய தொகைக்கே வருஷா வருஷம் புதுப்பித்து வந்தவர்கள் எல்லாருக்கும் இது நடக்கும். கட்டணம் வாங்கும்போது இதைச் சொல்லித் தராதது எனக்குக் கோபம் தரும் விஷயம்.

கணக்கை எழுத்தில் கேளுங்கள். திரும்பக் கட்டும் பெறுமதியை எப்படிக் கண்டார்கள், தேய்மானம் எவ்வளவு கழித்தார்கள் என்று தெரியவேண்டும். மதிப்பீடு பிழை என்று தோன்றினால் கம்பனிக்கு முறைப்பாடு எழுதுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம், இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம்.

வங்கிக் கடனில் வீடு கட்டிய மற்ற வாசகர்களும் கவனியுங்கள். பல வங்கிகள் கடன் தரும்போதே வீட்டுக்குக் காப்புறுதி எடுக்கவைக்கும், கட்டணம் தவணையோடு போய்க்கொண்டிருக்கும். உங்களிடம் காப்புறுதி இருக்கிறது என்பதே மறந்திருக்கலாம். வங்கியில் பத்திரத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி, புயல், சூறாவளி, ஆலங்கட்டி அதில் அடங்குமா என்று இன்றைக்கே பாருங்கள்.

கேள்வி: கனடா கல்கரியில் என் தங்கை வீட்டில் ஆலங்கட்டி விழுந்து முழுக்கூரையையும் காப்புறுதியே மாற்றிக் கொடுத்தது. இங்கே ஏன் அப்படி இல்லை?
— ஒரு வாசகி, கல்லடி

பதில்: கல்கரி கனடாவில் ஆலங்கட்டி அதிகம் விழும் நகரங்களில் ஒன்று. 2024 ஓகஸ்ட் 5 அன்று விழுந்த ஆலங்கட்டியால் காப்புறுதிக் கம்பனிகளுக்கு வந்த நட்டம் முதல் மதிப்பீட்டிலேயே 280 கோடி கனேடிய டொலர் அளவில் இருந்தது. அங்கே கூரையில் பெரும்பாலும் போடுவது சிங்கிள் எனப்படும், தார் பூசிய மெல்லிய நாரிழைத் துண்டுகள். அதன்மேல் ஒட்டிய மணல் உதிர்ந்தால் ஆயுள் குறையும், அதனால் ஓட்டை விழாவிட்டாலும் மாற்றுகிறார்கள். அதற்கான செலவு எல்லா வீட்டுக்காரரும் கட்டும் கட்டணத்தில் ஏறியிருக்கிறது. ஆலங்கட்டிக்கென்று கழிக்கும் தொகையும் கூடிக்கொண்டே போகிறது. தங்கை அடுத்த புதுப்பிப்பில் அதைப் பார்க்கட்டும். நம் பக்கம் மாரிக்கும் சோளகத்துக்கும் இடைப்பட்ட இடிமழையில் எப்போதாவது விழுவதுதான் ஆலங்கட்டி. நாம் பயப்படவேண்டியது காற்றுக்கு.

கேள்வி: 0.47 என்று சொல்லித் தகடு விற்றார்கள். அளந்தால் 0.42தான் இருக்கிறது. எங்கே முறையிடுவது?
— ஒரு வாசகர், அக்கரைப்பற்று

பதில்: எப்படி அளந்தீர்கள் என்பது முக்கியம். தகட்டுக்கு இரண்டு தடிப்பு உண்டு: வெறும் உருக்கின் தடிப்பு, பூச்சோடு சேர்ந்த தடிப்பு. பூச்சோடு 0.47 என்று விற்கும் தகட்டில் உருக்கு மட்டும் 0.42 அளவில்தான் இருக்கும், அது களவல்ல. ஆனால் நிறப்பூச்சோடு சேர்த்து மைக்ரோமீற்றரில் அளந்தும் 0.42தான் என்றால் உங்களுக்கு மெல்லிய தகட்டைத் தந்திருக்கிறார்கள். பற்றுச்சீட்டில் 0.47 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நிரூபிப்பது கஷ்டம், ஆனாலும் தகட்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் படம் எடுங்கள்.

முதலில் கடைக்கு எழுத்தில் கொடுத்து மாற்றித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். தகடு வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து முறைப்பாட்டைக் கொடுத்துவிடவேண்டும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. கடலோரத்தில் வீடு என்பதால் இன்னொன்றும் பாருங்கள். உப்புக்காற்றுக்குத் தடிப்பைவிடப் பூச்சின் அளவுதான் முக்கியம். பின்பக்கத்தில் ஏ.இசட். 150 என்று இருந்தால் சதுர மீற்றருக்கு 150 கிராம் பூச்சு. 100 என்று இருந்தால் கடற்கரை வீட்டுக்கு அது போதாது, மாற்றிக் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்.