மகள் ‘லிட்டரரி ஏஜென்ட்’ ஆகிறேன் என்கிறாளா?

அவிநாசியிலிருந்து எழுதியிருக்கும் அண்ணாவுக்கு வணக்கமுங்க.

பி.ஏ. ஆங்கிலம் கடைசி வருடம் படிக்கும் மகள், நாவல்களுக்கு ஏஜென்ட் ஆகப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், எல்.ஐ.சி. ஏஜென்ட் தெரியும், இது என்ன ஏஜென்ட், சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

பனியன் தொழிலில் இருப்பவருக்கு இதை விளக்குவது சுலபம். வெளிநாட்டு பையருக்கும் உங்கள் யூனிட்டுக்கும் நடுவில் மெர்ச்சண்டைசர் நின்று பேசுகிறார் அல்லவா, அதைப்போல எழுத்தாளருக்கும் பதிப்பகத்துக்கும் நடுவில் நிற்பவர் இவர். ஆனால் இவர் முழுக்க எழுத்தாளர் பக்கத்து ஆள். மாதச் சம்பளம் கிடையாது, எழுத்தாளருக்கு வரும் பணத்தில் கமிஷன். ஆங்கிலப் பதிப்புலகில் வழக்கமாக 15 சதவீதம், வேற்றுமொழி உரிமை விற்றால் 20 வரை.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 250 ரூபாய் விலையில் ஒரு தமிழ் நாவல், ராயல்டி, அதாவது விலையில் எழுத்தாளருக்கு வரும் பங்கு, 10 சதவீதம் என்று வைப்போம். ஆயிரம் பிரதி விற்றால் எழுத்தாளருக்கு 25,000 ரூபாய். அதில் ஏஜென்ட் பங்கு 3,750. அந்த ஆயிரம் விற்கவே பல நாவல்களுக்கு வருடக்கணக்கில் ஆகும். முந்நூறு பிரதி அடித்து ஆழம் பார்க்கும் பதிப்பகங்களும் உண்டு. இதனால்தான் தமிழில் எழுத்தாளரே பதிப்பாளருக்கு நேராக போன் போட்டுப் பேசிக்கொள்கிறார். தமிழுக்குள் மட்டும் இந்த வேலையைச் செய்து குடும்பம் நடத்த முடியாது. இதை மகளிடம் மென்று முழுங்காமல் சொல்லிவிடுங்கள்.

காசுக்கு வழி இருப்பது, தமிழிலிருந்து வெளியே போகும் உரிமைகளில். ஆங்கிலம், பிற இந்திய மொழிகள், ஆடியோ புத்தகம், சினிமா, வெப் சீரிஸ் எல்லாம் இதில் சேரும். நம்ம திருச்செங்கோட்டுக்காரர் பெருமாள்முருகனின் நாவல் ஒன்று ஆங்கிலம் வழியாக 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பிடித்தது. அதே வருடம் இன்னொரு நாவலின் மொழிபெயர்ப்புக்கு ஜே.சி.பி. இலக்கியப் பரிசு. தமிழக அரசும் 2023 முதல் சென்னையில் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி நடத்தி, மொழிபெயர்ப்புக்கு மானியமும் தருகிறது. அங்கே சில்லறை விற்பனை முக்கியமில்லை, உரிமை பேசத்தான் மேசை போடுகிறார்கள். தமிழும் ஆங்கிலமும் இரண்டும் சரளமாக உள்ளவருக்கு அங்கே வேலை இருக்கிறது. உங்கள் மகளுக்கு இருக்கும் ஒரே பெரிய மூலதனமும் அதுதான்.

ஆனால் எடுத்த எடுப்பில் ஏஜென்ட் ஆக முடியாது. யாரைத் தெரியும், எந்தப் பதிப்பகம் எதை வாங்கும், கையெழுத்துப் பிரதியில் என்ன கோளாறு என்று தெரியாதவரிடம் எந்த எழுத்தாளர் நாவலைக் கொடுப்பார்? முதலில் நாலைந்து வருடம் ஒரு பதிப்பகத்தின் எடிட்டிங் மேசையிலோ உரிமைப் பிரிவிலோ உட்கார வேண்டும். கோவையில் விஜயா பதிப்பகம், பொள்ளாச்சியில் எதிர் வெளியீடு என்று நம்ம பக்கமே பதிப்பகங்கள் இருக்கின்றன. அப்புறம் சென்னை, ஆங்கிலத்துக்கு டெல்லி வட்டாரம். கொல்கத்தாவில் சீகல் பதிப்பகம் நடத்தும் பதிப்புப் பள்ளியில் எடிட்டிங்குக்கே தனிப் படிப்பு உண்டு. ஆரம்பச் சம்பளம் உங்கள் ஊர் எக்ஸ்போர்ட் கம்பெனி கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

“அவள் நிறைய நாவல் படிப்பாள்” என்று எழுதியிருக்கிறீர்கள். நிறையப் படிப்பவர்கள் நிறையப் பேர். எடிட்டருக்கு வேண்டியது வேறு கண். மூன்றாம் அத்தியாயத்தில் கல்யாணமாகி ஆறு வருடம் ஆன பெண்ணுக்கு ஏழாம் அத்தியாயத்தில் எட்டு வயதுப் பையன். அதைக் கதாசிரியர் ஒரு ரகசியமாக வைத்திருக்கிறாரா, மறந்துவிட்டாரா? நொய்யலில் முழங்கால் தண்ணீர் என்று ஒரு பக்கத்தில், அதே வாரம் ஆற்றுக்குள் கிரிக்கெட் மறுபக்கத்தில். இப்படிப் பிடித்ததை எழுத்தாளர் முகம் சுளிக்காதபடி எழுதிச் சொல்லவும் தெரிய வேண்டும். அச்சாகாத ஒரு சிறுகதையைக் கொடுத்து ஒரு பக்கக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். ரசித்தால் இந்தத் துறை அவளுக்கு ஒத்துவரும். பாதியில் கொட்டாவி விட்டால் பி.எட். விண்ணப்பத்தைத் தாராளமாக வாங்கி வாருங்கள்.

இன்னொன்று, 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தை அவள் படிக்கட்டும். உரிமையை எழுதிக்கொடுக்கும்போது எத்தனை காலம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஏஜென்ட் வேலையில் பாதி இந்த இரண்டு வரிகளைச் சுற்றித்தான். எழுத்தாளர்களில் பலர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இதைக் கேள்விப்படுகிறார்கள் என்பது தனிக் கதை.

பயிற்சி தருகிறேன், ஏஜென்ட் ஆக்குகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் ஜாக்கிரதை. நாவலைப் படித்துப் பார்க்கவே எழுத்தாளரிடம் கட்டணம் கேட்கும் ஏஜென்சியில் வேலை கிடைத்தாலும் சேர வேண்டாம். பெயர் கெட்டால் இந்தத் துறையில் மீள்வது கஷ்டம்.

ஜூலையில் கோவை கொடிசியா வளாகத்தில் புத்தகத் திருவிழா, அடுத்து ஆகஸ்டில் ஈரோடு. கூட்டம் அதிகமான நாட்களில் ஸ்டாலுக்கு ஆள் தேவைப்படும். அம்மணியை ஏதாவது ஒரு பதிப்பகத்து ஸ்டாலில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். யார் எந்த நாவலை எடுத்துப் புரட்டி, பின்னட்டையைப் படித்து, திரும்ப வைத்துவிட்டுப் போகிறார்கள் என்பதை வகுப்பறையில் கற்றுத்தர முடியாது. இரவு ஸ்டால் மூட நேரமாகும். வண்டி எடுத்துக்கொண்டு நீங்களே போய்க் கூட்டி வர வேண்டியிருக்கும், அதற்கு மட்டும் தயாராக இருங்கள்.